பெயருக்கு முன் ஓர் எழுத்து

எங்கள் கல்லூரி வருகைப் பதிவேட்டில் ஒரே வகுப்பில் மூன்று செந்தில்குமார்கள் இருப்பதுண்டு. அவர்களைப் பிரித்துக் காட்டுவது இனிஷியல் எனப்படும் தலைப்பெழுத்துதான். இது ஆங்கிலேயர் தந்த வழக்கம் என்று எண்ணுகிறீர்களா? ஓர் எழுத்தாகச் சுருக்கும் பழக்கம் பிற்காலத்தது. ஆனால் அதன் பொருள் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்று பாருங்கள். ராஜராஜன் காலத்தில் அங்கே ஸ்ரீகாரியம் பார்த்த அதிகாரியின் பெயர் கல்வெட்டில் உள்ளது: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். பொய்கைநாடு என்பது அவருக்கு உரிமையுள்ள பகுதி, ஆதித்தன் தந்தை பெயர், சூரியன் சொந்தப் பெயர், எஞ்சியது பட்டம். இன்று அவர் பொ. ஆ. சூரியன் என்று கையொப்பமிடுவார் அல்லவா?

அதே கோயிலில் பணி செய்த சுமார் 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும் உள்ளன. அவர்களுக்குத் தந்தை பெயர் இல்லை. முன்பிருந்த ஊரும் கோயிலும் சொல்லப்பட்டு, சிவனைக் குறிக்கும் 'நக்கன்' என்னும் சொல் பெயருக்கு முன் நிற்கிறது.

இவற்றுள் தலைமுறை தாண்டி நிலைத்தது எது தெரியுமா? பட்டம்! சோழர் அதிகாரிகள் பெற்ற 'பல்லவரையன்' போன்ற பட்டங்கள் காவிரிப் படுகையில் இன்றும் குடும்பப் பட்டப்பெயர்களாக வழங்குகின்றன.

1015-இல் சோழத் தூதுவர்கள் சென்று சேர்ந்த சீனாவில் நிலைமை வேறு. அங்கே குடும்பப் பெயர் முதலில் வரும். ஈராயிரம் ஆண்டுகளாகத் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு அது மாறாமல் வருகிறது. ஏடுகளில் தொகுக்கப்பட்ட குடும்பப் பெயர்கள் 20,000-க்கும் மேல். இன்று வழக்கில் இருப்பவை சுமார் 6,000. வாங், லி, ஜாங், லியூ, சென் என்ற ஐந்து பெயர்களுக்குள்ளேயே பத்தில் மூன்று சீனர் அடங்கிவிடுகின்றனர்.

பெயர்கள் ஏன் குறைகின்றன? ஆண் வாரிசு இல்லாத கிளையோடு பெயரும் முடிகிறது. 1874-இல் கால்டன், வாட்சன் என்ற இருவர் இதைக் கணக்கிட்டனர். சராசரியாக ஒருவருக்கு ஒரு மகன் இருந்தாலும், போதிய தலைமுறைகள் கடந்தால் அப்பெயர் அழிந்தே போகும். அணு உலையில் நியூட்ரான்களின் தொடர்வினை நிலைக்குமா, அணையுமா என்று அறியவும் இதே கணிதம்தான் உதவுகிறது!

நம்மிடமும் அப்படி நிலைத்த பட்டங்கள் இருந்தன. ஆனால் அவை சாதியைச் சொல்லும் அடையாளங்களாக ஆகிவிட்டன. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடும்படி தீர்மானித்தது. நாளடைவில் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அவற்றை விட்டனர். பெயரைக் கேட்டதும் சாதியை அறிந்துகொள்ளும் வழி அடைபட்டது. இது சிறிய ஆதாயமன்று.

அதற்கு ஒரு விலையும் உண்டு. தந்தையின் எழுத்து மகனோடு நின்றுவிடும். பேரனிடம் பாட்டனின் எழுத்து இராது. சீனப் பெண் திருமணத்துக்குப் பின்னும் தன் குடும்பப் பெயரை விடுவதில்லை. நம் பெண்களில் பலருக்கோ தலைப்பெழுத்தே மாறிவிடுகிறது.

ஆதித்தனைப் பெற்றவர் யார்? சூரியனின் பெயர் அதைச் சொல்லவில்லை. உங்கள் பாட்டியின் தாயார் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பட்டம் இல்லாமலும் பரம்பரையை நினைவில் வைக்கலாம்.