ஏட்டில் எழுதாத வாசல்கள்

மென்பொருளைச் செய்தவர் அதனோடு ஒரு விளக்க நூலையும் தருகிறார். இன்ன கட்டளைக்கு இன்ன பலன் என்று அந்நூல் கூறும். அதில் எழுதப்பட்டது ஒரு வாக்குறுதி. புதிய பதிப்பு வந்தாலும் அதைக் காப்பது செய்தவரின் கடமை. ஆனால் நூலில் எழுதாமல் விட்ட வழிகளும் மென்பொருளுக்குள் உண்டு. அவற்றை நம்பியோர் அடைந்த லாப நஷ்டங்களை அறிய எம்.எஸ். டாஸின் வரலாறு நமக்குப் போதிய சான்றாகும்.

1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிறு கணிப்பொறியோடு வெளிவந்த அந்த இயங்குதளம் ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்யவல்லது. நடுவே மற்றொரு நிரல் குறுக்கிட்டுப் பணி கேட்டால் இரண்டும் குழம்பிப் போகும். எனினும் 1983இல் வந்த 2.0 பதிப்பில், வேறு வேலை நடக்கும்போதே பின்னணியில் அச்சிடும் நிரல் ஒன்று இருந்தது. அஃது எவ்வாறு இயன்றது? டாஸ் வேலையில் இருக்கிறதா, இல்லையா என்று காட்டும் குறி ஒன்று நினைவகத்தில் இருந்தது. அதன் இடத்தைச் சொல்லும் கட்டளையும் இருந்தது. விளக்க நூலில் மட்டும் அது இல்லை. வெளியார் அதைத் துருவிக் கண்டு, வேண்டியபோது திரையில் தோன்றி மறையும் நிரல்களைப் படைத்தனர். 1991இல் 5ஆம் பதிப்பின் நூல் அக்கட்டளையை ஏற்று எழுதியது.

எல்லா இரகசியங்களுக்கும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஒவ்வொரு வட்டு இயக்கிக்கும் உரிய விவரங்களை டாஸ் ஓர் அட்டவணையில் வைத்திருந்தது. 3ஆம் பதிப்பில் ஒரு பதிவின் நீளம் 81 பைட்டுகள். 1988இல் வந்த 4ஆம் பதிப்பிலோ 88. பழைய அளவையே நம்பிய நிரல், மூன்றாம் பதிவைத் தேடும்போது 14 பைட்டுகள் முன்னதாகவே நின்றுவிடும். அங்கே படித்தால் பிழையான விவரம். எழுதினாலோ பிறர் உடைமைக்குச் சேதம். இதற்காக மைக்ரோசாஃப்டை எவரும் வாக்குத் தவறியவர் என்று சொல்ல இயலாது. வாக்கே தரப்படவில்லை அன்றோ!

ஆயினும் வழக்குக்கு மறுபக்கமும் உண்டு. விண்டோஸின் எழுதாத கட்டளைகளை மைக்ரோசாஃப்டின் சொந்த நிரல்களே பயன்படுத்துவதை 1992இல் ஆண்ட்ரூ ஷுல்மனும் கூட்டாளிகளும் எழுதிய நூல் எடுத்துக்காட்டியது. வாசலைக் கட்டியவர் அது மாறும் நாளை முன்னரே அறிவார். போட்டியிடும் வெளியார் அறியார். அப்போது மௌனமும் ஓர் ஆதாயமாகிவிடுகிறது. 2002இல் அமெரிக்க நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மைக்ரோசாஃப்டின் குறிப்பிட்ட சில மென்பொருள்கள் விண்டோஸோடு தொடர்புகொள்ளும் வழிகளைப் பிறருக்கும் வெளியிடுமாறு பணித்தது.

பட்டா இல்லாத மனையில் வீடு கட்டுபவன், நாளை எழுந்து போகச் சொன்னால் எதைக் காட்டி வாதாடுவான்? வேறு வழியே இல்லாதவன் அத்தகைய கட்டளையை நிரலின் ஒரே மூலையில் ஒதுக்கிவைத்து, பதிப்பைச் சோதித்த பின்னரே தொடவேண்டும். பின்வருவோர் அறியும்படி அதை எழுதியும் வைக்கவேண்டும். தான் பயன்படுத்தும் வாசலைப் பிறர்க்கும் எழுதிக்காட்டுவது கட்டியவரின் கடன். இவ்விரண்டில் ஒன்று தவறினும், நஷ்டம் சேர்வது இவ்விருவரையும் அறியாத மூன்றாமவரிடம். தன் கோப்பு ஏன் அழிந்தது என்பதுகூட அவருக்குத் தெரியாது.