பிரின்ஸ்பால் சிங்

பிரின்ஸ்பால் சிங் (பிறப்பு: 2001) ஓர் இந்தியக் கூடைப்பந்தாட்டக்காரர் ஆவார். பஞ்சாப் மாநிலத்தின் குர்தாஸ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். ஏறத்தாழ 6 அடி 10 அங்குல உயரம் கொண்ட இவர் வலிய முன்நிலையில் விளையாடுபவர். இளம் முன்நிலை ஆட்டக்காரர் ஒருவரின் திறனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கு இவரது வளர்ச்சி ஓர் எடுத்துக்காட்டாகும்.

விளையாட்டு வாழ்க்கை

லூதியானா கூடைப்பந்துப் பயிற்சிக்கூடத்தில் பயின்ற இவர், 2017ஆம் ஆண்டில் கிரேட்டர் நொய்டாவில் தொடங்கப்பட்ட என்.பி.ஏ. இந்தியப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். 2018இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரிலுள்ள என்.பி.ஏ. உலகப் பயிற்சிக்கூடத்திற்குச் சென்றார். 2019ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியாவிற்காக விளையாடித் தங்கப் பதக்கம் வென்றார்.

2020ஆம் ஆண்டு சூலை மாதம் அமெரிக்காவின் ஜி லீக் இக்னைட் அணியில் ஒப்பந்தமானார். என்.பி.ஏ. தேர்வுக்கு முந்தைய வயதிலுள்ள இளம் வீரர்களைப் பயிற்றுவிக்க 2020இல் அமைக்கப்பட்ட இவ்வணி 2024இல் கலைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு கோடைக்கால லீக்கில் சேக்ரமென்டோ கிங்ஸ் அணியில் இடம்பெற்றார். அவ்வணி ஆகஸ்ட் 17 அன்று இறுதியாட்டத்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை 100-67 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. இதனால் என்.பி.ஏ.யின் ஏதேனும் ஒரு நிலையில் வாகை சூடிய அணியில் இடம்பெற்ற முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார்.

திறன் மதிப்பீடு

முற்காலத்தில் வலிய முன்நிலை ஆட்டக்காரரின் பணி கூடைக்கு அருகில் நின்று மீள்பந்தைக் கைப்பற்றுவதும் அங்கிருந்து புள்ளி எடுப்பதுமாக இருந்தது. இன்று அவர் 6.75 மீட்டர் தொலைவிலுள்ள மூன்று புள்ளிக் கோட்டிற்கு வெளியிலிருந்தும் பந்தெறிய வேண்டும். தன்னைவிட விரைவான பின்காவலர்களையும் தடுக்க வேண்டும். எனவே உயரம் ஒரு தகுதியே தவிர முழுத் திறன் ஆகாது.

பயிற்சியாளர்கள் இரு வகைப் பண்புகளைப் பிரித்துப் பார்க்கின்றனர். உயரம், கைவீச்சு ஆகியவை பயிற்சியால் மாறாதவை. பந்தெறிதல், பந்தைத் தட்டிச் செல்லுதல், உடல் வலிமை, தடுப்பாட்டத்தில் நிற்கும் இடம் ஆகியவை பயிற்சியால் வளர்பவை. முதல் வகையில் பிரின்ஸ்பாலுக்குக் குறையில்லை. இரண்டாம் வகை வளர்வதற்குக் கடுமையான போட்டி ஆட்டங்கள் தேவை. இக்னைட் அணியில் அவருடன் இருந்த ஜேலன் கிரீன், ஜொனத்தன் குமிங்கா ஆகியோர் 2021 தேர்வில் முறையே 2ஆவது, 7ஆவது இடங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அத்தகைய அணியில் பிரின்ஸ்பாலுக்கு ஆடுகளத்தில் குறைந்த நேரமே கிடைத்தது. சிறந்த வீரர்களுடன் பயிற்சி பெறுவதும் ஆட்டநேரம் பெறுவதும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது.

ஒப்பீடு

2015இல் டல்லஸ் மேவரிக்ஸ் அணியால் 52ஆவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சத்னாம் சிங், என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியராவார். 7 அடிக்கும் மேற்பட்ட உயரம் கொண்டிருந்தும் அவர் என்.பி.ஏ. தொடரின் ஆட்டம் எதிலும் களமிறங்கவில்லை. மைய ஆட்டக்காரர்களிடமும் விரைவு எதிர்பார்க்கப்பட்ட காலத்தில் அவர் நுழைந்தது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளுக்குச் சேலம், நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் தேர்வுப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. கூடைப்பந்தும் இவற்றுள் அடங்கும். பள்ளிப் பருவத்தில் வளர்ச்சி ஒரே சீராக அமைவதில்லை. 13 வயதில் உயரமாக இருப்பவர் பின்னர் சராசரி உயரத்திலேயே நின்றுவிடலாம். குட்டையானவர் பின்னர் வளரலாம். ஆகவே ஒரு நாள் அளவீட்டைக் கொண்டு மட்டும் இளம் வீரரை ஏற்பதோ விலக்குவதோ பிழையான முடிவைத் தரக்கூடும். கால் நகர்வு, பந்தெறியும் முறை, கற்றதை ஆட்டத்தில் பயன்படுத்தும் வேகம் ஆகியவற்றைப் பல மாதங்கள் கவனிப்பது கூடுதல் நம்பகமான வழியாகும்.