புகை பார்த்தால் போதுமா? வாகனப் பரிசோதனை வந்த கதை

போன மாதம் எங்கள் சக ஆசிரியர் ஒருவர் குடும்பத்தோடு கண்டியிலிருந்து மாவனல்லைக்கு வந்துகொண்டிருந்தார். கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் கால் அடிவரை போகிறது, கார் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து ஒருவாறு ஓரமாக நிறுத்திவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரேக் ஒயில் போகும் பைப் துருப்பிடித்து உடைந்திருந்தது. அதற்கு முந்திய வாரம்தான் அந்தக் காருக்குப் புகைச் சான்றிதழ் எடுத்து, வருட லைசனும் புதுப்பித்திருந்தார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வருடாவருடம் பரிசோதிக்கிறார்களே, இது எப்படித் தப்பியது?

பதில் எளிது. நம் நாட்டில் புகைப் பரிசோதனை 2008இல் வந்தது காற்று மாசைக் குறைப்பதற்காக. பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை அல்ல. பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். சொந்தக் காருக்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் லைசன் கிடைத்துவிடும்.

மற்ற நாடுகளில் இது எப்படித் தொடங்கியது என்று தேடிப் படித்தோம். பிரித்தானியாவின் கதை நம் கதைக்கு மிகக் கிட்டியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. அங்கே செய்த புதுக் கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போனது. உள்ளூர் மக்கள் போருக்கு முந்திய பழைய கார்களையே ஓட்டினார்கள். 1959இல் எம் 1 நெடுஞ்சாலையும் திறந்தது. பாதை வேகமானது, வாகனம் பழையது. 1960 செப்டம்பரில், ஏர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, பத்து வருடம் தாண்டிய வாகனங்களுக்கு வருடாந்தப் பரிசோதனை தொடங்கியது. பார்த்தவை மூன்றுதான்: பிரேக், லைட், ஸ்டியரிங்.

தோற்ற வாகனங்களின் தொகை அரசாங்கத்தையே திகைக்க வைத்தது. 1961 முடிவதற்குள் பத்து வருடத்தை ஏழாகக் குறைத்தார்கள். 1967இல் அது மூன்றானது. 1968இல் டயரும், 1977இல் வைப்பர், சிக்னல் லைட், சைலன்சர், பொடி முதலியனவும் சேர்ந்தன. புகை சேர்ந்தது 1991இல்தான். அவர்கள் பிரேக்கில் தொடங்கிப் புகைக்கு வந்தார்கள். நாம் புகையில் தொடங்கி அங்கேயே நிற்கிறோம்.

ஜப்பான் எதிர்ப்பக்கமாக நடந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேரூன்றிய அவர்களுடைய பரிசோதனைக்கு 'ஷாக்கென்' என்று பெயர். கார்களின் தரம் உயர உயர இடைவெளியைக் கூட்டினார்கள். 1983 முதல் புதுக் காருக்கு முதற் பரிசோதனை மூன்று வருடத்தில், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பத்து வருடம் தாண்டிய காருக்கு இருந்த வருடாந்தப் பரிசோதனையையும் 1995இல் இரண்டு வருடமாக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வைத்த குறைந்தபட்ச விதி நான்கு வருடத்தில் முதற் பரிசோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பிரித்தானியாவிலும் மூன்றை நான்காக்கலாமா என்று ஆலோசித்தார்கள். 2018இலும் 2024இலும் மூன்றே இருக்கட்டும் என்று முடிவானது.

ஆக, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதில் நாடுகளுக்குள் வாதம் உண்டு. பார்க்கவே வேண்டாம் என்று இவற்றில் எந்த நாடும் சொல்லவில்லை.

நம் வீதிகளில் ஓடும் கார்களில் பெருந்தொகை ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தவை. ஷாக்கென் செலவு கூடுவதும் அங்குள்ளவர்கள் காரை விற்றுவிட ஒரு காரணம். அங்கே இருந்தவரை தவணை தவறாமல் பரிசோதனைக்குப் போன கார், நம் கைக்கு வந்தபின் கேட்பாரற்றுப் போகிறது. அதிலும் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனங்களையே ஓட்டினோம். உதிரிப்பாகம் விலையேறியதால் மாற்ற வேண்டியதைத் தள்ளிப்போட்டோம். 1950களின் பிரித்தானியா இருந்த நிலையில்தான் இன்று நாம் இருக்கிறோம்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வருடம் ஒருமுறை புகைப் பரிசோதனைக்குப் போகும் அதே வாரத்தில், நம்பிக்கையான கராஜ் ஒன்றில் வாகனத்தை உயர்த்தி, பிரேக் பைப், பிரேக் பேட், டயர், ஸ்டியரிங், லைட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வோம். பிள்ளைகளைப் பாடசாலை வேனில் அனுப்பும் பெற்றோர், வேன்கார நானாவிடம் "கடைசியாக பிரேக் பார்த்தது எப்போது?" என்று மரியாதையாகக் கேட்போம். அவர் கோபிக்கமாட்டார், அவருடைய பிள்ளையும் அதே வேனில்தான் வரும்.

நம் வாகனத்தில் ஏறுபவரின் உயிர் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். இறக்கத்தில் நமக்கு எதிரே வருபவரின் உயிரும் அப்படித்தான்.

வாகனம் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் இதைப் பகிர்ந்துவிடுங்கள்.