குரோதம்: ஒரு சொல்லின் வேர்



நாம் அன்றாடம் கையாளும் ‘குரோதம்’ என்னும் சொல் வடமொழியிலிருந்து வந்தது. அங்கு அதன் பொருள் கோபம், அவ்வளவே. பொங்கித் தணிந்துவிடும் சினத்தையும் அது குறிக்கும். தமிழிலோ அது நெஞ்சில் நெடுநாள் தங்கிவிட்ட பகைக்கே பெரிதும் வழங்குகின்றது. இதனைத் தூய தமிழில் ‘காழ்ப்பு’ என்பர். காழ் என்பது மரத்தின் உள்வைரம். முள்மரத்தை இளையதாய் இருக்கும்போதே வெட்டுக, காழ்த்துவிட்டால் அது வெட்டுபவன் கையையே வருத்தும் எனத் திருவள்ளுவர் பகையைப் பற்றிக் கூறியதை (குறள் 879) நீங்கள் பாடசாலையில் படித்திருக்கலாம். கவ்வாத்து வெட்டாத தேயிலைச் செடி மரமாகிவிடும் என்பதை அறிந்த மலையக மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

அல்குர்ஆன் கையாளும் சொல் ‘கில்’ என்பதாகும். தமக்கு முன் ஈமான் கொண்டோருக்காகப் பின்வந்தோர் கேட்கும் துஆவில், எங்கள் இதயங்களில் இதனை ஆக்கிவிடாதே என்று அது வருகின்றது (59:10). ஒன்றன் நடுவே மற்றொன்று புகுந்துகொள்வதே இதன் வேரிலுள்ள கருத்து என்பர் அகராதி அறிஞர். மரங்களுக்கிடையே ஓடும் நீருக்கு ‘கலல்’ என்று பெயர். கழுத்தில் பூட்டும் விலங்காகிய ‘குல்’ என்பதும் இவ்வேரினதே. அதன் பன்மையான ‘அக்லால்’ என்பதை யாஸீன் அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தில் ஓதுகின்றோம். அங்கு பேசப்படும் விடயம் வேறு; ஆயினும் வேர் ஒன்றே.

விலங்கு என்றதும் நமது கொத்மலையோடு இணைத்துப் பேசப்படும் ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகின்றது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உருகுணையை ஆண்ட காவன்தீசனிடம், எல்லாளன் மீது படையெடுக்க அவன் மகன் காமனி அனுமதி கேட்டான். தந்தை மூன்று முறை மறுத்தான். நீ ஆண்மகன் அல்லன் என்று குத்திக்காட்டும் வகையில் மகன் பெண்கள் அணியும் ஆபரணமொன்றை அனுப்பிவைத்தான். வெகுண்ட தந்தை, இவனைக் கட்டிவைக்கப் பொற்சங்கிலி செய்யுங்கள், வேறு வழியில் இவனைக் காக்க இயலாது என்றான் என மகாவம்சம் கூறுகின்றது. அக்கட்டளையில் கோபம் பாதி, அச்சம் பாதி. பிள்ளை பெற்றோருக்கு இது புரியும்.

மகன் மலைநாட்டுக்கு ஓடினான். அவன் ஒளிந்திருந்த இடம் கொத்மலையே என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். தந்தைமீது சினங்கொண்டமையால் அவன் பெயருக்கு முன் ‘துட்ட’ என்னும் பாளிச் சொல் சேர்ந்தது. நாம் சொல்லும் ‘துஷ்டன்’ அதற்கு உறவான சொல்தான்.

பின்னர் நிகழ்ந்த போரைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். இடையில் நிகழ்ந்ததைப் பேசுவோர் குறைவு. காவன்தீசன் இறந்தபோது மூத்த மகன் அருகில் இல்லை. ஈமக்கடனைச் செய்தவன் இளையவன் தீசன். அதன்பின் அண்ணனும் தம்பியும் தமக்குள் போரிட்டனர். பிக்குகள் இடையில் நின்று அவர்களை இணக்கினர். தந்தையோடு இணங்க வாய்ப்பே இருக்கவில்லை. அநுராதபுரத்தில் மாபெரும் தூபியை எழுப்பத் தொடங்கிய பின்னரும் அம்முன்னொட்டு அவனை விட்டு நீங்கவில்லை. ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் சிங்களத்தில் அவன் துட்டுகெமுனு, தமிழில் துட்டகைமுனு.