பைண்டிங் பட்டறையில் ஒரு மாணவர்

அனல் மின்நிலையம் ஆனாலும், நீர்மின் நிலையம் ஆனாலும், காற்றாலை ஆனாலும், அங்கே சுழலும் மின்னாக்கியின் தத்துவம் ஒன்றுதான். கம்பிச் சுருளின் ஊடே செல்லும் காந்தப் புலம் மாறும்போது அச்சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831ஆம் ஆண்டில் இதைச் சோதனை மூலம் கண்டு உலகுக்கு அறிவித்தவர் மைக்கேல் ஃபாரடே என்று பாடப் புத்தகத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். கல்லூரிக்குப் போகாத அவர் இவ்வளவையும் எங்கே கற்றார்? அதைத் தெரிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

ஏழைக் கொல்லரின் மகன்

ஃபாரடே 1791 செப்டம்பர் 22ஆம் நாள் லண்டனை அடுத்த ஓர் ஊரில் பிறந்தார். தந்தை இரும்புக் கொல்லர். அடிக்கடி நோயுற்றதால் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. எழுத, படிக்க, சிறிது கணக்குப் போடத் தெரிந்துகொண்டதோடு மைக்கேலின் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. 1804ஆம் ஆண்டில், 13 வயதில், ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். வாடிக்கையாளர்களின் வீடுகளுக்குச் செய்தித்தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், படித்து முடித்தபின் திரும்ப வாங்கி வருவதும் அவர் வேலை. மறு ஆண்டு அதே கடையில் புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைக் கற்க ஏழாண்டு ஒப்பந்தம் ஆயிற்று.

பைண்டு செய்ய வந்த புத்தகங்களை அவர் தைத்து ஒட்டியதோடு நிற்கவில்லை, பிரித்துப் படித்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் கையில் கிடைத்தது. பிறகு, ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல்கள் என்னும் நூல் கிடைத்தது. ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்வதுபோல் எழுதப்பட்ட எளிய நூல் அது. புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்ட அம்மையார், தம்மைப் போன்ற புதியவர்களுக்காக அதை எழுதியிருந்தார்.

படித்ததைச் சோதித்துப் பார்த்தார்

புத்தகத்தில் அச்சாகியிருப்பதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது என்று இளைஞர் ஃபாரடே கருதினார். கைக்காசு இடம் கொடுத்த அளவுக்குச் சோதனைகளைச் செய்து பார்த்தார். கண்ணாடிப் புட்டியைக் கொண்டு நிலைமின்சாரம் உண்டாக்கும் பொறி ஒன்றை அமைத்தார். 1812இல் ஏழு செப்பு அரைப்பென்னி நாணயங்களையும், அதே அளவில் வெட்டிய ஏழு துத்தநாக வட்டுகளையும் அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதத்தை வைத்து ஒரு மின்கல அடுக்கு செய்தார். அதன் மின்னோட்டத்தால் ஒரு வேதிப்பொருளைப் பகுத்தும் காட்டினார். சில்லறைக் காசே அவருடைய சோதனைச்சாலைக் கருவியாயிற்று!

1810ஆம் ஆண்டு முதல், டாட்டம் என்பவர் மாலை நேரங்களில் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குச் சென்றார். கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லுத் தொழில் செய்த அண்ணன் அதைக் கொடுத்து உதவினார். அங்கே தம்மைப்போல் கற்க விரும்பிய நண்பர்கள் கிடைத்தார்கள். அவர்களுள் ஒருவருக்கு நீண்ட கடிதங்கள் எழுதி, கருத்தைத் தெளிவாகச் சொல்லப் பழகிக்கொண்டார்.

1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் நிறுவனத்தில் டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளுக்கு அனுமதிச்சீட்டு கொடுத்தார். ஃபாரடே ஒவ்வொன்றையும் குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, விரித்தெழுதி, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச் மாதம் டேவியின் உதவியாளர் வேலை அவருக்குக் கிடைத்தது.

பள்ளி தரவேண்டியது

அப்படியானால் பள்ளிக்கூடம் தேவையில்லையா? அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இளமையில் கணிதம் கற்க இயலாமற் போன குறை ஃபாரடேயைக் கடைசிவரை தொடர்ந்தது. காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகள் பரவியிருப்பதை அவர் மனக்கண்ணால் கண்டார். ஆனால் அவற்றைச் சமன்பாடுகளாக எழுத அவரால் முடியவில்லை.

அந்த வேலையைச் செய்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1831ஆம் ஆண்டில் பிறந்த அவர் எடின்பரோவில் நல்ல பள்ளியில் படித்தவர். 14 வயதிலேயே முட்டைவடிவ வளைகோடுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியவர். ஃபாரடேயின் விசைக்கோடுகளை அவர் 1850களில் கணித மொழியில் அமைக்கத் தொடங்கினார். 1857இல் முதியவரான ஃபாரடே அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கணித அறிஞர்கள் தம் முடிவுகளை எங்களைப் போன்றவர்களுக்கும் புரியும் எளிய மொழியில் சொல்லக்கூடாதா என்பது அதில் அவர் கேட்ட கேள்வி. மாக்ஸ்வெலின் சமன்பாடுகள் மின்காந்த அலைகள் உண்டு என்று முன்னறிவித்தன. 1887-88இல் ஹெர்ட்ஸ் அவற்றைச் சோதனையில் காட்டினார். வானொலி அதன் வழியே வந்தது. பட்டறையில் பழகிய கையும் பள்ளியில் பழகிய கணக்கும் சேர்ந்தபோதுதான் அந்த அறிவியல் முழுமை பெற்றது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. படிக்க அனுமதித்த முதலாளி, ஷில்லிங் கொடுத்த அண்ணன், அனுமதிச்சீட்டு தந்த வாடிக்கையாளர் ஆகியோர் இல்லையென்றால் அந்தப் பையனின் ஆர்வம் பட்டறையிலேயே முடங்கிப்போயிருக்கலாம். நூலகமும் சோதனைக் கருவியும் எல்லா இளைஞருக்கும் எட்டும்படி செய்வது பெரியவர்களின் கடமை. ஃபாரடே இதை உணர்ந்திருந்தார். ராயல் நிறுவனத்தில் இளைஞர்களுக்காக நடக்கும் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1827க்கும் 1860க்கும் இடையில் 19 முறை அவரே நடத்தினார். ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு வேதியியலை அவர் விளக்கியது 1861இல் நூலாக வெளிவந்து, இன்றும் படிக்கப்படுகிறது.

மாணவ நண்பர்களே! வகுப்பில் நடக்கும் கணக்கைக் கைவிடாதீர்கள். மாலையில் ஒரு நூலைப் படியுங்கள். படித்ததில் ஒன்றையாவது வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு சோதித்துப் பாருங்கள். கண்டதை அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.