கேட்டு என்னும் தெரு

இங்கிலாந்தின் வடபகுதி நகரங்களைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிற தமிழர் முதன்முதலில் தடுமாறுவது தெருப்பெயர்ப் பலகைகளின் முன்பேதான். லீட்ஸ் நகரின் நடுநாயகமான கடைவீதிக்குப் பிரிகேட் என்று பெயர்; அதிலிருந்து கிழக்கே பிரிந்து செல்வது கர்க்கேட். மான்செஸ்டரில் நீண்டு கிடக்கும் பெருவீதி டீன்ஸ்கேட். வேக்ஃபீல்டில் இன்னொரு கர்க்கேட்டும் ஒரு வெஸ்ட்கேட்டும் உள்ளன. யார்க் நகருக்குள் நுழைந்துவிட்டாலோ, திரும்பிய பக்கமெல்லாம் கேட்டுகள்தாம். ரயில்வே கேட்டு, பங்களாக் கேட்டு என்று அன்றாடம் வழங்கி, அந்தச் சொல்லைப் பாதித் தமிழாகவே ஆக்கிக்கொண்டுவிட்ட நாம், இத்தனை கேட்டுகளில் ஒன்றிலேனும் கதவோ நிலையோ தாழ்ப்பாளோ காணாமல் விழிப்பது இயல்பே.

லீட்ஸில் என் தமக்கையின் மகன் குடும்பத்தோடு வசிக்கிறான். அவன் வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும்படியாக அக்கம்பக்கத்து நகரங்களைப் பார்த்துவந்த நாட்களில், அவன் எனக்கு முதலில் கற்பித்த பாடம் இதுதான்: "மாமா, யார்க்ல தெருவுக்குக் கேட்டுனு பேரு, கோட்டை வாசலுக்குப் பார்னு பேரு, பாருக்குப் பப்புனு பேரு. மூணையும் மாத்திக்காம இருந்தா வழி தவறாது." அவ்வூரார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கும் பழைய வேடிக்கை அது. ஆனால் வேடிக்கைக்குள் ஓர் ஆயிரமாண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

ஆங்கிலத்தில் கேட்டு என்பது, உருவத்தில் ஒன்றேயாயினும், உண்மையில் இரண்டு சொற்கள். வாயில் என்னும் பொருளுடைய கேட்டு, பழைய ஆங்கிலத்தில் ஒருமையில் யகரவொலியோடும் பன்மையில் ககரவொலியோடும் தொடங்கியது. பன்மையின் ஒலியே நிலைபெற்று இன்றைய வடிவத்தைத் தந்தது. தோற்றுப்போன ஒருமை வடிவம் யேட்ஸ் என்னும் குடும்பப்பெயரிலும் யேட் என்னும் ஊர்ப்பெயரிலும் ஒதுங்கி வாழ்கிறது. தெரு என்னும் பொருளுடைய கேட்டு இம்மண்ணில் பிறந்ததன்று. கடல் கடந்து வந்த வடவர்களின் (வைக்கிங்குகளின்) நார்ஸ் மொழியில் தெருவுக்குக் 'கத்தா' என்று பெயர். ஐஸ்லாந்திலும் ஸ்வீடனிலும் இன்றைக்கும் தெருவைச் சுட்ட வழங்குவது இந்தச் சொல்தான்; ஜெர்மானியர் சந்துக்கு வழங்கும் 'காஸெ' என்பதும் இதன் உடன்பிறப்பே. வழி என்ற பொருளிலிருந்து வழி நடக்கும் விதம் என்ற பொருளும் கிளைத்து, மனிதனுடைய நடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக, எழுத்தில் மட்டும் வேறுபட்டு வழங்குகிறது.

ஆகையால் லண்டனில் பழகியவர் வடக்கே வந்தால் நம்மைப்போலவே ஏமாறுவார். லண்டனிலுள்ள ஆல்ட்கேட், லட்கேட், பிஷப்ஸ்கேட் முதலியவை நகர மதிலில் மெய்யாகவே திறந்திருந்த வாயில்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அவற்றை இடித்தபின் பெயர் மட்டும் மிஞ்சிற்று. அங்கே கேட்டு என்பது போய்விட்ட கதவின் ஞாபகம்; இங்கே கேட்டு என்பதற்குக் கதவின் சம்பந்தமே கிடையாது.

இந்தச் சொல்லை அதன் சொந்த வீட்டில் பார்க்க வேண்டுமானால் யார்க்குக்குத்தான் போகவேண்டும். கி.பி. 71-இல் ரோமர் அங்கே ஒரு கோட்டைப் பாசறை அமைத்து எபோராக்கும் என்று பெயரிட்டனர். ஆங்கிலேயர் வாயில் அது எயோஃபொர்விக் ஆயிற்று. 866-இல் நகரைக் கைப்பற்றிய வடவர் யோர்விக் என்றனர். அதுவே தேய்ந்து யார்க் ஆனது. ஊர்ப்பெயரை நாவுக்கு இசையத் திரித்துக்கொண்ட வடவர், தெருக்களுக்கு மட்டும் தங்கள் சொல்லையே ஒட்டிவிட்டார்கள். ஸ்டோன்கேட் என்னும் தெரு, ரோமப் படைவீரர்கள் நடந்த பாசறைப் பெருவழியின் மேலேயே ஓடுகிறது. வழி ரோமருடையது, கல்லைக் குறிக்கும் முற்பகுதியின் இன்றைய வடிவம் ஆங்கிலேயருடையது, தெரு என்னும் பிற்பகுதி வடவருடையது.

நான் அதிக நேரம் நின்றது காப்பர்கேட்டில். பெயரைக் கேட்டவுடன் செம்புக்கொட்டிகள் வாழ்ந்த தெரு என்றுதான் எவருக்கும் தோன்றும். நம் ஊரில் கன்னார் தெரு இருப்பதுபோல என்று நானும் மனத்துக்குள் பொருத்திக்கொண்டேன். ஆனால் செம்புக்கும் இப்பெயருக்கும் உறவில்லை என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர். மரக்கிண்ணம் கடைகிறவனுக்கு நார்ஸ் மொழியில் வழங்கிய பெயரே இதன் முற்பகுதியாம். இதற்கு ஆதாரம் ஏட்டில் மட்டுமின்றி மண்ணிலும் கிடைத்தது. பழைய மிட்டாய்த் தொழிற்சாலை ஒன்று இருந்த இடத்தை 1976 முதல் 1981 வரை தோண்டியபோது, ஈரம் ததும்பிக் காற்றுப் புகாத மண்ணில் மரமும் தோலும் துணியும் அழியாமல் கிடக்க, சுமார் 40,000 பொருள்களை வெளியே எடுத்தார்கள். 1984 முதல் அவ்விடத்திலேயே யோர்விக் காட்சிசாலை நடந்துவருகிறது. கிடைத்தவற்றுள் கிண்ணங்களைக் காட்டிலும் என் கண்ணைக் கவர்ந்தவை, கிண்ணத்தின் உட்புறத்தைக் கடைந்து முடித்தபின் நடுவிலிருந்து ஒடித்து எறியப்பட்ட கழிவுக் கட்டைகள். அடி அகன்று நுனி குறுகி, உளி சுற்றிச் சென்ற வரிகளோடு, சிறுவர்கள் கைவிட்ட பம்பரம்போல இருக்கின்றன. விற்ற கிண்ணங்கள் ஊர் ஊராகப் போயிருக்கும். விலைபோகாத கழிவு மட்டும் இருந்த இடத்திலேயே தங்கி, தெருவின் பெயருக்குச் சாட்சி சொல்லுகிறது. ஒரு சொல்லுக்கு இத்தகைய சாட்சியம் வாய்ப்பது அபூர்வம்.

ஊஸ் ஆற்றுப் பாலத்திலிருந்து தென்மேற்கு மதிலை நோக்கி வளைந்து ஏறும் வீதி மிக்கில்கேட். அதன் கோடியில் இருக்கும் வாயில், முன் சொன்ன வழக்கப்படி, மிக்கில்கேட் பார் எனப்படுகிறது. 1460-இல் போரில் மாண்ட யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையை வெட்டி வைத்திருந்தது அதன்மேல்தான். மிக்கில் என்றால் பெரிய என்று பொருள். இந்தச் சொல்லும் வடமொழியில் மஹத் என்றும் மஹா என்றும் வழங்குவதும் ஒரு மூலத்தினின்று பிறந்தவை என்பது மொழிநூலார் அனைவரும் ஒப்பிய முடிபு. எனவே மிக்கில்கேட்டை மகாவீதி என்று அழைத்தால் அது பெயர்ப்பு மட்டுமன்று, பாதியளவு உறவுமுறையும் ஆகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். மிக்கிலுக்கு மஹா கிடைத்த உற்சாகத்தில், கத்தா என்னும் நார்ஸ் சொல்லையும் வடமொழியின் கதி என்பதோடு முடிந்துவிட எவருக்கும் கை துறுதுறுக்கும். செல்லுதல் என்ற பொருளும் பொருந்துகிறதே! ஆனால் அது பிசகு. கதி என்பது கம் என்னும் தாதுவினின்று பிறந்தது. அந்தத் தாதுவுக்கு ஆங்கிலத்திலுள்ள உறவினன் 'வா' என்று பொருள்படும் கம் என்னும் வினையே. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாக விழுவது தற்செயல்; உறவு மெய். காதுக்கு அண்ணன் தம்பிபோல் ஒலிப்பவை அந்நியராகவும், முகச்சாயலே இல்லாத மிக்கிலும் மஹாவும் சகோதரராகவும் இருப்பது சொல்லாராய்ச்சியில் நித்திய அனுபவம். ஒலியை மட்டும் நம்பி வமிசாவளி எழுதுகிற நம்மவர் சிலர் காப்பர்கேட்டில் ஒருநாள் நின்றால் நல்லது.

லீட்ஸின் பிரிகேட்டுக்கு வருவோம். பிரிக் என்பது பாலம். ஏர் ஆற்றுப் பாலத்துக்கு இட்டுச் செல்லும் தெரு. 1207-இல் மாரிஸ் பேனல் என்ற பிரபு நகரத்தாருக்கு உரிமைப் பட்டயம் அளித்தபோது, இதன் இருமருங்கிலும் முகப்புக் குறுகிப் பின்புறம் நீண்ட மனைகளை வகுத்தார்கள். இன்று அங்கே காணும் கண்ணாடிக் கூரைக் கடைச்சந்துகள் சில அந்தப் பழைய மனைகளின் வடிவிலேயே நீண்டு செல்கின்றன. அந்தப் பாலத்தின்மேல் குதிரை வண்டிகளும் பாதசாரிகளும் போவதைத்தான் லூயி லெ பிரின்ஸ் 1888-இல் அசையும் படமாகப் பிடித்தார். உலகின் மிகப் பழைய சலனப்படங்களில் அது ஒன்று. கர்க் என்பது நார்ஸ் வழக்கில் மாதா கோயில். நகரின் பழங்கோயிலுக்குச் செல்வதால் கர்க்கேட். நம்மூர்க் கோயில் தெருவுக்கும் அதற்கும் பொருளில் பேதமில்லை.

கேட்டு என்று முடியும் தெருவெல்லாம் வடவர் காலத்தது என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் ஆட்சி ஒழிந்தபின்னும் அந்தச் சொல் வடநாட்டுப் பேச்சில் உயிரோடிருந்தமையால், பிற்காலத்தார் புதிதாகப் போட்ட தெருக்களுக்கும் அதையே சூட்டினர். யார்க்கிலேயே மிகக் குட்டையான தெருவுக்குப் பெயர் மிக நீண்டது: விப்-மா-வாப்-மா-கேட். சில கடைகளைத் தாண்டுமுன் தெரு முடிந்துவிடுகிறது. 1505-இல் இதன் பெயர் விட்நௌர்வாட்நௌர்கேட் என்று இருந்ததாகவும், 'இதுவும் ஒரு தெருவா!' என்பது போன்றதே அதன் பொருள் என்றும் அங்குள்ள பலகை கூறுகிறது.