சாய்கோட்டு விசை யாருடையது?

1979இல் பிரிக்லினும் பிராங்ஸ்ரனும் அமெரிக்காவில் ஆக்கிய விசிகல்க் எனும் கணனி விரிதாளில் கட்டளைகள் சாய்கோட்டு விசையினாலேயே தொடங்கின. அன்றைய அப்பிள் 2 விசைப்பலகையில் மேல், கீழ் அம்புக்குறிகள்தாமும் இல்லை. இடைவெளி விசையை அழுத்தியே திசை மாற்றினர்.

1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 அச்சாய்கோட்டையே ஏற்றது. அதனைப் பயின்ற கணக்காளர் திரையை நோக்காது விரற்பழக்கத்தினாலேயே விரைந்து பணிபுரிந்தனர். அப்பழக்கம் வீணாகாவண்ணம் போர்லாண்ட் நிறுவனம் தனது குவாட்ரோவில் லோட்டஸின் கட்டளை ஒழுங்கையும் சேர்த்தபோது, 1990இல் லோட்டஸ் வழக்குத் தொடுத்தது. தான் பிறரிடம் பெற்றதைப் பிறர்க்கு மறுத்தமை நோக்கற்பாலது. பணியாளர் உழைத்துக் கற்ற விரைவு எவரது உடைமை என்பதே ஈண்டு எழுந்த வினா எனலாம்.

அவ்வொழுங்கு ஓர் இயக்கமுறையேயாதலின் பதிப்புரிமைக்கு உட்படாது என 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 1996இல் உயர் நீதிமன்றம் 4க்கு 4 எனப் பிளவுறவே அத்தீர்ப்பு நிலைத்தது. விண்டோஸ் எக்செலில் இன்றும் சாய்கோட்டை அழுத்தினால் கட்டளைப் பட்டை விழித்தெழுகின்றது.